கை வைத்தால் அடங்கும் சூடு

— கை வைக்காதீங்கய்யா! மொதல்ல சுவிட்சை அமத்துங்க, அப்பறம் தொடலாம்.

— அமத்திட்டேன் ஆத்தா. ரைட்டு. முப்பத்தோரு வருசம் பஸ்ஸுல கண்டக்டரா நின்னவன் நானு. இஞ்சின் மேல சோத்து டப்பாவை வச்சுச் சூடு பண்ணித் தின்னவன். இது ஒரு கம்ப்யூட்டரு பொட்டி, இது என்ன சுட்டுறப் போவுது?

— இந்த ஓரத்துல இப்ப வைங்க. இங்கிட்டு, காத்து வெளிய வாற எடத்துல.

— அடியாத்தீ! தோசைக்கல்லு மாதிரில்ல இருக்கு.

— எத்தனை நாளா இப்புடி இருக்குங்க?

— ஒரு மாசமாத்தான். அதுக்கு முன்னாடி உம்முன்னு ஒரு சத்தம் வரும், அம்புட்டுத்தான். இப்ப பழைய டவுன் பஸ்ஸு மேடு ஏறுற மாதிரி மொனகுது. ஆலங்குடிக் கடையில கேட்டேன். ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு இருக்கு, வீட்டுக்கே வந்து பாத்துக் குடுக்கும்னாங்க. வண்டியில ஒரு ஆம்பளைப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு வருவியாக்கும்னு நெனைச்சேன், நீ ஒத்தையில வந்து நிக்கிற.

— ஆம்பளைப் புள்ளைய வச்சு என்னங்க பண்றது? ஸ்க்ரூவை நாந்தான் கழட்டணும். ம்... என்னடா செல்லம், என்ன ஒனக்கு? வாயத் தொற பாப்போம்.

— யாரையம்மா கேக்குற?

— பொட்டியைத்தாங்க. எனக்கு அப்புடியே பழகிருச்சு. அடக் கடவுளே, உள்ள பாருங்க, பஞ்சு மெத்தையே தைக்கலாம் போலருக்கு. இதை யாரும் தொறந்ததே இல்லையா?

— வாங்கி பத்து வருசமாவுது. தொறந்தா எம்மவந்தான் தொறப்பான். அவன் இருந்த வரைக்கும் பிரஷ்ஷை வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருப்பான். அவன் போயி ஏழு வருசமாச்சு.

— ஐயோ... எறந்துட்டாங்களா?

— தெரியலை ஆத்தா.

— தெரியலைன்னா?

— தெரியலைன்னா தெரியலைதான். நீ தூசியைத் தட்டு. நான் டீ போடுறேன். ரெண்டு டம்ளரு எடுத்து ரொம்ப நாளாச்சு, எங்க கெடக்குன்னு தேடணும்.

— தூசி எடுத்தாச்சுங்க. ஃபேன் நல்லா சுத்துது. சூட்டைக் கடத்துறதுக்கு நடுவுல ஒரு பசை இருக்கும், அது காஞ்சு பொரிஞ்சு போச்சு, புதுசாத் தடவிட்டேன். இப்ப ஆன் பண்றேன். டீ நல்லாருக்குய்யா.

— சீனி தூக்கலா?

— கொஞ்சம்.

— கை அளவு மறந்து போச்சு. ஒருத்தனுக்குப் போட்டே பழகிருச்சுல்ல. எம் பொஞ்சாதி இன்னாசியம்மா இருந்தப்ப நான் அடுப்பங்கரைப் பக்கமே போனதில்ல. மூணு வருசமாச்சு அவ போயி. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

— இத்தாம் பெரிய வீட்டுல தனியாவா இருக்கீங்க?

— அதுக்குத்தான இந்தப் பொட்டி. காலையில எந்திரிச்சதும் இதைப் போட்டுருவேன், படுக்கும்போதுதான் அமத்துவேன். பாட்டு வைப்பேன், ஞாயித்துக்கெழமை பூசை பாப்பேன். ஒண்ணும் வைக்காட்டியும் ஓடிக்கிட்டுக் கெடக்கும். ஏதோ ஒண்ணு மூச்சு விடுற சத்தம் கேட்டாத்தான் வீடுன்னு இருக்கு. அது சரி, இப்ப சத்தத்தையே காணோம், சரியாப் போச்சா?

— பொறுங்க. ஸ்கிரீன்ல பாருங்க, மூளை எவ்வளவு வேலை செய்யுதுன்னு இந்தக் கோடு காட்டும். நூத்துக்கு நாலு. ஒண்ணுமே இல்ல, சும்மா கெடக்கு. தூசிதான் காரணம் போல.

— ரைட்டு. பில்லைப் போடு.

— இருங்க இருங்க. டீயை முடிச்சுக்குறேன்... ஐயா, கேக்குதா?

— கேக்குது. ஆரம்பிச்சுட்டான்ல மேடு ஏற.

— நான் மவுசைத் தொடலை, நீங்களும் தொடலை. டீ குடிச்சோம், அவ்வளவுதான். இப்பத் தொடுறேன் பாருங்க. ம்ம்... அடங்கிருச்சு. நாலு.

— இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! நான் பக்கத்துல போயி உக்காந்தா சத்தமே வராது. கொல்லப்பக்கம் போயிட்டு வந்தா கத்திக்கிட்டுக் கெடக்கும். இதை வெளியில சொன்னா, கெழவனுக்குப் புத்தி பெசகிருச்சும்பாங்கன்னு சொல்லலை.

— புத்தியெல்லாம் ஒண்ணும் பெசகலை. ஆளைக் கண்டதும் நிறுத்திக்கிற மாதிரி எழுதின புரோகிராம் ஒண்ணு உள்ள இருக்கு. வைரஸாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். திருட்டுத்தனமா உள்ள வந்து, ஒங்க கரண்ட்டுல, ஒங்க மெசின்ல, எவனோ ஒருத்தனுக்கு இராப்பகலா உழைச்சுக் குடுக்கும்.

— திருட்டுப் பயலா! என் வீட்டுக்குள்ளயா?

— ஒங்க வீட்டுக்குள்ள அவன் வரமாட்டான். எந்த நாட்டுல இருக்கானோ. ஐயா, ஒங்க போன் அடிக்குது.

— எம்மகதான். கண்ணாடி எங்க வச்சேன்... நீயே அதை ஸ்பீக்கர்ல போடும்மா. பிளெஸ்ஸி, சொல்லு.

— அப்பா, சாப்பிட்டீங்களா? காலையில மாத்திரை போட்டீங்களா? ஞாபகம் இருக்குல்ல, நாளைக்கு எட்டு மணிக்குக் கார் வந்துரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கங்க. தம்பி போட்டோ கேட்டாரு வக்கீல், எடுத்து வச்சாச்சா?

— அதுக்குத்தான் பொட்டியை ரிப்பேரு பாத்துக்கிட்டு இருக்கேன். போட்டோ உள்ளதான் இருக்கு.

— கையெழுத்து மட்டும் போட்டா போதும்பா. ஜட்ஜ் ஒண்ணும் கேக்க மாட்டாருன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் வீட்டை வித்துட்டு எங்கூடத் திருச்சிக்கு வந்துருங்க. நீங்க அங்க ஒத்தையில கெடக்கிறதை நெனைச்சா எனக்குத் தூக்கமே வரலைப்பா. அம்மா மாதிரி ஆயிரக்கூடாது.

— ரைட்டு ரைட்டு. வச்சுர்றேன்.

— மன்னிச்சுக்கங்கய்யா, காதுல விழுந்துருச்சு. கையெழுத்துன்னாங்களே...

— ஒளிக்க என்ன இருக்கு. இந்த வீடு இன்னாசியம்மா பேர்ல இருக்கு. அவ போன பொறவு எனக்கும் மகளுக்கும் மகனுக்கும் பாத்தியதை. மகன் இல்லாம விக்க முடியாது. ஏழு வருசம் ஒருத்தனைப் பத்தி ஒரு தகவலும் இல்லைன்னா, செத்தவனா எடுத்துக்கலாம்னு கோர்ட்டுல எழுதிக் குடுப்பாங்களாம். போலீஸ் ஸ்டேசன்ல குடுத்த புகாரு, பேப்பர்ல போட்ட வெளம்பரம், எல்லாம் சேத்துக் கட்டி வச்சிருக்கு. அதுல நான் ஒப்பம் போடணும். எம் புள்ளை செம்மல் செத்துட்டான்னு எங் கையால.

— ஒங்களுக்குச் சம்மதமா?

— மகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவ எனக்காகத்தான் பண்றா. ஏழு வருசமா ஒரு பஸ்ஸு வராம இருந்தா, நின்னுக்கிட்டு இருக்கிறவன் வீட்டுக்குப் போவ வேண்டியதுதான.

— எதுக்குங்க போனாரு?

— நீ வேலையைப் பாரு ஆத்தா.

— பாத்துக்கிட்டேதான் கேக்குறேன்.

— கணக்குல எம்.எஸ்.ஸி. படிச்சான். படிச்சுட்டு ரெண்டு வருசம் வேலைக்குப் போவலை. இந்தச் சேர்லதான் உக்காந்திருப்பான். கேட்டா, ஆராய்ச்சிம்பான். ஒரு நாள் டூட்டி முடிச்சு வாரேன், ஒரு பயணி சில்லறைக்காக என் சட்டையைப் புடிச்சுட்டான், அந்தக் கோவம். இவன் இப்புடி உக்காந்திருக்கான். பேசிக்கிட்டே போயி வயரைப் புடுங்கிட்டேன். மூணு வாரமா ஓடிக்கிட்டு இருந்த கணக்காம், நாளைக்கு முடிஞ்சிருக்குமாம். அப்புடியே நின்னான். அழுவலை, சண்டை போடலை. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். எங்கிட்டாவது போயி ஒழி, ஒம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டேன்.

— போயிட்டாரு.

— விடியக்காலை கறம்பக்குடி பஸ்ஸுல ஏறினானாம். அந்த வண்டிக் கண்டக்டரு என் ஃப்ரண்டு அய்யப்பன். மவன் எங்கயோ இன்டர்வியூக்குப் போறான்னு நெனைச்சு டிக்கெட்டுக்குக் காசே வாங்கலை அவன். அம்புட்டுத்தான் தெரியும். போலீஸு, பேப்பரு, வேளாங்கண்ணிக்கு நடை, எல்லாம் பாத்தாச்சு. இன்னாசியம்மா எங்கூட ஒரு வருசம் மொகங் குடுத்துப் பேசலை. ஆனா தெனம் காலையில இந்தப் பொட்டியைப் போட்டு வச்சுருவா. எங்கிட்டு அமுக்கணும்னு அவளுக்குப் புள்ளைதான் கத்துக் குடுத்திருக்கான். அவன் வந்தா கேப்பான், ஓடட்டும்பா. அவ போன பொறவு நான் போடுறேன்.

— ஐயா, கொஞ்சம் இங்க வாங்க.

— புடிச்சுட்டியா அந்தத் திருட்டுப் பயலை?

— இது திருட்டுப் புரோகிராம் இல்லைங்க. பூட்டை ஒடைச்சு வரலை, வீட்டு ஆளே கூப்புட்டு வச்ச மாதிரி இருக்கு. இந்தத் தேதியைப் பாருங்க. எட்டு வருசத்துக்கு முன்னாடி போட்டது.

— எட்டு வருசம்னா, செம்மலு இருக்கும்போதா?

— அவருதான் போட்டிருக்கணும். இது ஒரு மாதிரி... எப்புடிச் சொல்றது, தானம் மாதிரி. மருந்து கண்டுபுடிக்கிறவங்க கிட்டப் பெரிய பெரிய கணக்கு இருக்கும். ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா நூறு வருசம் ஆவும். அதைத் துண்டு துண்டா ஒடைச்சு ஊரு ஒலகத்துக்கெல்லாம் அனுப்புவாங்க. வீட்டுல சும்மா கெடக்குற கம்ப்யூட்டரு ஆளுக்கொரு துண்டு போட்டுத் திருப்பி அனுப்பும். நீங்க வந்து உக்காந்தா எடம் விட்டு எந்திரிச்சுரும். அதான் கை வச்சதும் அடங்குது.

— அப்ப அவன் ஆராய்ச்சின்னு சொன்னது...

— இதையும் சேத்துத்தான் இருக்கும். பாருங்க, எட்டு வருசத்துல எத்தனை துண்டு முடிச்சிருக்குன்னு. நாப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

— நாங்க போட்டு வச்சதா? நானும் அவளும்?

— ஆமாமா. நீங்க ரெண்டு பேருந்தான்.

— மாதாவே. அவளுக்குத் தெரியாமப் போச்சே. சும்மா கரண்ட்டு போவுதுன்னு நான் அவளைத் திட்டியிருக்கேன்.

— ஆனா ஒண்ணு இடிக்குதுங்க. எட்டு வருசமா இருக்குறது, ஒரு மாசமா மட்டும் ஏன் இப்புடிச் சூடாவணும்? ஒரு நிமிசம் இருங்க. இதுல எவ்வளவு வேகமா வேலை பாக்கலாம்னு ஒரு அளவு இருக்கும். அவரு கால்வாசின்னு வச்சிருக்காரு. நல்ல மனுசன், மெசின் நோவக் கூடாதுன்னு வச்சிருக்காரு. இப்ப அது முழுசுன்னு இருக்கு. போன மாசம் பன்னெண்டாந் தேதி மாறியிருக்கு. நீங்க ஏதாவது அமுக்குனீங்களா?

— நானா? எனக்குத் தெரிஞ்சது போடுறது, அமத்துறது, பாட்டு. வேற எதையும் தொட மாட்டேன். அவன் வச்சது வச்ச மாதிரி இருக்கணும்னு ஸ்கிரீன் படத்தைக்கூட மாத்தினது இல்லை.

— வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?

— யாரு வாரா? பாலு ஊத்துற உண்ணாமலை வாசலோட போயிரும்.

— இல்ல இல்ல... இது இங்கேயிருந்து மாறலை. மேலேயிருந்து எறங்கியிருக்கு. இந்த வரியைப் பாருங்க, அக்கவுண்ட்டுலேர்ந்து வந்ததுன்னு போட்டிருக்கு.

— எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு.

— ஒருத்தர் பேர்ல ஒரு அக்கவுண்ட்டு. அதுல எத்தனை கம்ப்யூட்டர் வேணாலும் சேத்துக்கலாம். அக்கவுண்ட்டுக்காரரு ஒரு எடத்துல உக்காந்து அளவை மாத்தினா, சேந்துருக்குற எல்லாத்துலயும் மாறிரும். டெப்போவுல ஒரு உத்தரவு போட்டா எல்லா வண்டிக்கும் பொருந்தும்ல, அந்த மாதிரி.

— உத்தரவு போட்டது யாரு?

— பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க.

— ஒனக்குத் தெரியுமா ஆத்தா, நான் மூணு தடவை பொணம் பாக்கப் போயிருக்கேன். தஞ்சாவூருல ஒண்ணு, மணப்பாறையில தண்டவாளத்துல ஒண்ணு, கடக்கரையில ஒதுங்கினது ஒண்ணு. மூணு தடவையும் துணியை வெலக்கிப் பாத்துருக்கேன். அதனால இல்லாத ஒண்ணைச் சொல்லிப்புடாத. எனக்குத் தாங்காது.

— நானும் அதுக்குத்தாங்க பயப்படுறேன். வேற எவனாச்சும் அக்கவுண்ட்டைத் திருடியிருக்கலாம். கம்பெனிக்காரங்களே கூட மாத்தியிருக்கலாம். பாத்துட்டுத்தான் சொல்லணும். இந்த அக்கவுண்ட்டுல என்னென்ன கம்ப்யூட்டர் இருக்குன்னு யாரு வேணாலும் பாக்குற மாதிரி விட்டிருக்காரு. தொறக்கவா?

— தொற.

— ரெண்டு இருக்குங்க.

— ரெண்டா? நம்ம வீட்டுல ஒண்ணுதான இருக்கு.

— மொதல் ஒண்ணு இதுதான். இதுக்கு அவரு வச்ச பேரு... இன்னாசி.

— அவ பேரா? பொட்டிக்கா வச்சான்?

— ஒங்களுக்குத் தெரியாதா?

— அவளுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஊரு பூரா சொல்லியிருப்பா. அந்த ரெண்டாவது?

— எட்டு மாசத்துக்கு முன்னாடி சேத்திருக்காங்க. புது மெசின். பேரு... ஐயா, மொதல்ல உக்காருங்க.

— நான் நின்னே பழகினவன். சொல்லு.

— இன்னாசி ரெண்டு.

— வேற எவனும் அந்தப் பேரை வைக்க மாட்டான்.

— மாட்டாங்க.

— அது எந்த ஊருல இருக்கு?

— ஊரு காட்டாதுங்க. அவரு உள்ள போனாத்தான் தெரியும். கடைசியா எப்பப் பேசுச்சுன்னு மட்டும் போட்டிருக்கு. இன்னிக்குத் தேதி. அஞ்சு நாப்பத்தொண்ணு. ஆனா இது நம்ம நேரம் இல்லை, ஒலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு நேரம் வச்சிருப்பாங்க, அதோட அஞ்சரை மணி கூட்டணும். எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு, எனக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெனப்படிப் பாடம். அஞ்சு நாப்பத்தொண்ணும் அஞ்சரையும்...

— பதினொண்ணு பதினொண்ணு.

— ஆமா. இப்ப மணி?

— பதினொண்ணு இருவது. ஒம்போது நிமிசம். ஆத்தா, ஒம்போது நிமிசத்துக்கு முன்னாடி எம் புள்ளை...

— தண்ணி குடிங்க. மெதுவா. இந்தாங்க.

— போனை எடு. பிளெஸ்ஸிக்குப் போடு.

— அப்பா? என்னப்பா, நெஞ்சு ஏதும் வலிக்குதா?

— நாளைக்குக் கார் வேணாம்னு சொல்லிரு.

— ஏம்ப்பா? மறுபடியும் மனசு மாறிட்டீங்களா? எத்தனை தடவைப்பா பேசுறது?

— தம்பி இருக்கான்.

— யாரு, நம்ம செம்மலா?

— ஆமா பிளெஸ்ஸி. ஒந் தம்பி இருக்கான்ம்மா. அழுவாத. பேங்க் வேலையிலயா இருக்க? வெளிய வந்து அழு. எனக்கு வெளக்கத் தெரியலை, ரஞ்சிதான்னு ஒரு பொண்ணு இங்க இருக்கு, அது ஒனக்கு எல்லாம் சொல்லும். நீ மொதல்ல தண்ணி குடி. அப்பறம் கூப்புடு.

— ஐயா, இந்தச் சூட்டுக்கு இப்ப என்ன பண்றது? இங்க மட்டும் கால்வாசின்னு மாத்தி வச்சா அடங்கிரும்.

— அப்ப அவன் போட்டது என்னாவுறது?

— அவரோடது அப்புடியே இருக்கும். நம்ம மெசின் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும்.

— சரி, மாத்து. எரிஞ்சு போயிரக் கூடாது. ஆத்தா, இது ஓடுறது அவனுக்குத் தெரியுமா?

— லிஸ்ட்டைப் பாத்தாருன்னா தெரியும். நீங்க காலையில போடுறப்பல்லாம் அங்க தேதியோட நேரத்தோட விழுவும். ஏழு வருசமும்.

— வீடு நல்லாருக்குன்னு நெனைச்சிருப்பான்.

— ஐயா, ஒண்ணு பண்ணலாம். இந்தக் கம்ப்யூட்டரு பேரை நம்ம மாத்த முடியும். மாத்தினா அவரோட லிஸ்ட்டுலயும் மாறும். வேற சேதி அனுப்ப வழி தெரியலை, ஆனா ஒரு வார்த்தை போவும். ஒங்க போன் நம்பரைப் போட்டுருவோமா?

— என் நம்பரு பதினாலு வருசமா மாறலைம்மா. அவனுக்கு மனப்பாடம். நம்பரு இல்லாமயா கூப்புடலை?

— அப்ப 'அப்பா'ன்னு போடவா? இன்னாசின்னு இருக்குறது அப்பான்னு மாறினா, நீங்க பாத்துட்டீங்க, கூப்புடுறீங்கன்னு புரிஞ்சுரும்ல.

— போடு. இல்ல, இரு. நில்லு.

— அடிச்சுட்டேன். 'அப்பா'. ஓகே குடுக்கட்டுமா?

— குடுக்காத. அழிச்சுரு.

— ஏங்க?

— அவ பேரே இருக்கட்டும் ஆத்தா. அவ இல்லைங்குறது அவனுக்கு இன்னும் தெரியாது. அவளைப் பாக்கன்னா வருவான்.